உச்சிமாகாளி பட்டதாரி அல்ல என்பதற்கான ஆதாரம்

எங்கள் கரிசல் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் முகூர்த்த நேரம் பார்ப்பவர்கள் குறைவு. மண்டபம் எது என்று பார்ப்பார்கள், அது சாப்பாட்டுக்காக. அடுத்து மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் என்ன போட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள், அது பேச்சுக்காக. பி.ஏ. என்றால் 'சரிதான்' என்பார்கள். பி.இ. என்றால் எந்தக் காலேஜ் என்று விசாரிப்பார்கள். நாலைந்து அரியர் பாக்கி வைத்திருப்பவர்களில் நாணயமானவர்கள் பட்டத்தை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்வார்கள். தட்டச்சில் லோயர் பாஸானதைப் போட்டவர் உண்டு. மூன்று மாதம் ஏசி மெக்கானிக் வகுப்பில் உட்கார்ந்ததைப் போட்டவரும் உண்டு. ஒன்றுமே இல்லாமல் மொட்டையாகப் பெயர் மட்டும் இருந்தால், அச்சகத்தில் ஏதோ விட்டுப்போயிற்று என்றுதான் ஊர் நினைத்துக்கொள்ளும்.

உச்சிமாகாளி அப்படி ஒரு மொட்டைப் பெயர்க்காரன். புதூர்ப் பக்கத்து ஊர். வயது முப்பத்தொன்று. தொழில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது. படிப்பு பிளஸ் டூ, அதோடு சரி.

மார்க் குறைந்து நின்றவன் இல்லை. கணக்கில் நூற்றுத் தொண்ணூற்றொன்று. ஆனால் அந்த வருஷம் மழை, பெய்ய வேண்டிய ஐப்பசியில் பெய்யாமல், உளுந்தை அறுத்துக் களத்தில் போட்டிருந்த தை மாதத்தில் பெய்தது. அம்மா வெயிலுகந்தம்மாள், "ஒரு வருசம் பொறுத்துக்கோலே, அடுத்த வருசம் சேந்துக்கிடலாம்" என்றாள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

பொறுத்துக்கொண்ட வேளையில் கோவில்பட்டியில் பூவனநாதன் அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆலை ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தான். பில் அடிக்க வேண்டும், பண்டல் லேபிள் அடிக்க வேண்டும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் உருவ வேண்டும். அந்த பில் புரோகிராமை எழுதியவர் மதுரைக்காரர் ஒருவர். இவன் சேர்ந்த மறு வருஷம் அது ஒவ்வொரு லேபிளையும் இரண்டு முறை அடிக்கத் தொடங்கியது. மதுரைக்காரருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பண்டல்கள் லாரிக்குக் காத்துக் கிடந்தன. உச்சிமாகாளி புரோகிராமைத் திறந்து உள்ளே பார்த்தான். முதல் வரியிலேயே அந்த மனிதர், 'இதற்குக் கீழே யாரும் கை வைக்கக் கூடாது' என்று எழுதி வைத்திருந்தார். அவனுடைய கல்வி அந்த வரிக்குக் கீழேதான் ஆரம்பித்தது.

பிறகு அவன் கை வைக்காத வரியே அதில் மிச்சமில்லை. ஜி.எஸ்.டி. வந்த வருஷம் கைத்தீப்பெட்டிக்கு ஒரு வரி, மிஷின் தீப்பெட்டிக்கு வேறு வரி என்று அரசாங்கம் சொல்ல, ஊரிலுள்ள பாதி ஆலைகளின் புரோகிராம்கள் திகைத்து நின்றன. உச்சிமாகாளியுடையது மட்டும் ஜூலை முதல் தேதி காலையில் ஒழுங்காக பில் அடித்தது. அதற்குப் பிறகு அவனை எல்லா ஆலைக்காரர்களும் கூப்பிட்டார்கள். இன்டர்நெட் வழியாக வெளியூர் வேலைகளும் வந்தன. நாலு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லி வேலைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தக் கம்பெனி அவனை எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அங்கே 'நோ டிகிரி, நோ ப்ராப்ளம்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். வெளிநாடு போய் இரண்டு பட்டம் வாங்கி வந்த அதன் நிறுவனர், பட்டம் இல்லாதவர்களுக்கும் திறமை உண்டு என்று ஒருநாள் கண்டுபிடித்தாராம். திட்டத்தில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேரிலும் பார்ப்பதற்கு அதிகம் பாவமாக இருந்தவன் உச்சிமாகாளி. ஆண்டு விழாவில் அவனை மேடை ஏற்றி, கஷ்டத்தைச் சொல்லச் சொல்வார்கள். முதல் வருஷம் ஐந்து நிமிஷம் சொன்னான். இரண்டாம் வருஷம் பத்து நிமிஷம் கேட்டார்கள். அவனிடம் அவ்வளவு கஷ்டம் கைவசம் இல்லை. அண்ணாச்சி நன்றாகத்தான் நடத்தினார், மதியம் சாப்பாடும் போட்டார். அதைச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விட்டது.

ஒருமுறை போட்டோ எடுக்க ஆள் அனுப்பினார்கள். வந்தவர் வீட்டு வாசலில் படம் எடுக்கப் பார்த்தார். பின்னால் ஏசியின் பெட்டி தெரிந்தது. "இது ஃபிரேம்ல வேண்டாமே" என்றார். ஆட்டுக் கொட்டகைக்குப் போனார்கள். ஆடுகள் மேயப் போயிருந்தன. கடைசியில் கரிசல் காட்டின் நடுவே மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். உளுந்து முளைத்து நாலு இலை விட்டிருந்த சமயம். வெயிலுகந்தம்மாள் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"ஏலே உச்சி, பயிர மிதிச்சுக்கிட்டு நடுக்காட்டுல உக்காந்து என்னலே பண்ணுத? வீட்டுல நாற்காலி இல்லையா?"

அந்தப் படம்தான் கம்பெனி வரவேற்பறையில் ஆளுயரத்துக்கு மாட்டியிருக்கிறது. சென்னைக்குப் போய் அதைக் கடக்கும்போதெல்லாம் உச்சிமாகாளிக்குக் கூசும். அவன் குழுவில் ஒன்பது பேர். எல்லோரும் பி.இ., எம்.சி.ஏ. யாருக்கு எது ஓடாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் யாரையும் யாரும் நடுக்காட்டில் உட்கார வைத்ததில்லை.

அதனால்தான் அவனுக்கு டீம் லீட் பதவி மேல் அவ்வளவு ஆசை. சம்பளம் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் டீம் லீட் ஆகிவிட்டால் திட்டத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பாவப்பட்ட பையனாக இல்லாமல், புரோகிராம் எழுதத் தெரிந்த ஓர் ஆளாக இருந்துகொள்ளலாம். அவனுடைய மேனேஜர் முத்துகிருஷ்ணன், அவன் பெயரை மேலே அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தார். "கல்யாணம் முடிஞ்சு வாங்க உச்சி, நல்ல செய்தி இருக்கும்" என்றார்.

கல்யாணம் எட்டயபுரத்தில். பெண் சுந்தரேஸ்வரி, எம்.எஸ்ஸி., பி.எட்., அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்கப் போன அன்றே உச்சிமாகாளி எல்லோர் முன்னாலும், "நான் பிளஸ் டூ மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டான். பெண்ணின் அப்பா அழகிரிசாமி ஒரு நிமிஷம் காப்பி டம்ளரைப் பார்த்தார். சுந்தரேஸ்வரி மட்டும் உள்ளேயிருந்து, "அதுல என்ன இருக்கு" என்றாள். அதோடு அது முடிந்தது என்று உச்சிமாகாளி நினைத்தான்.

முடியவில்லை. பத்திரிகை அடிக்கிற வேலையைத் தாய்மாமன் தங்கச்சாமி ஏற்றுக்கொண்டார். எட்டயபுரத்தில் சீனி என்பவரின் அச்சகம். துணைக்கு அழகிரிசாமியும் போயிருந்தார். சீனி கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் அடித்து முடித்து, தலையை நிமிர்த்தினார்.

"மாப்பிள்ளைக்கு என்ன போடட்டும்?"

"அவன் கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்றார் தங்கச்சாமி.

"அது வேல, அண்ணாச்சி. பேருக்குப் பின்னால என்ன?"

"ஒண்ணும் இல்ல."

சீனி திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "பாருங்க. பொண்ணு பக்கம் நீளமா எம்.எஸ்ஸி., பி.எட்.னு வருது. மாப்பிள்ள பக்கம் மொட்டையா நிக்கி. பாக்கதுக்கு ஒருபக்கமா சாஞ்சுல்லா இருக்கு."

இருவரும் பார்த்தார்கள். சாய்ந்துதான் இருந்தது. அழகிரிசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்க பங்காளி சொக்காரங்க கொஞ்சம் ஒரு மாதிரி. நமக்குன்னு இல்ல, பாக்கதுக்கு…" என்று இழுத்தார்.

"சரி, பி.இ.ன்னு போடுவே" என்றார் தங்கச்சாமி.

பொய் சொல்கிறோம் என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதைச் சத்தியமாகச் சொல்வேன். மேலே பிள்ளையார் படம் போடுகிறோம், ஓரத்தில் வாழை மரம் போடுகிறோம், மாப்பிள்ளைக்கு பி.இ. போடுகிறோம். வாழை மரம் எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று யாராவது கேட்கிறார்களா?

ஆயிரம் பத்திரிகை வந்து இறங்கியது. உச்சிமாகாளி தேதியைப் பார்த்தான், சுந்தரேஸ்வரி பெயரைப் பார்த்தான், இரண்டாம் முறையும் அவள் பெயரையே பார்த்தான். தன் பெயரைப் பார்க்கத் தோன்றவில்லை. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டான். வாழ்த்துகள் வந்தன. மூன்றாம் நாள், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், எச்.ஆர். மேடத்திடமிருந்து ஒரு மெயில் வந்தது.

உங்கள் கல்வித் தகுதி பற்றிக் கம்பெனி ஆவணத்திலும் நீங்கள் வெளியிட்ட அழைப்பிதழிலும் முரண்பாடு இருக்கிறது. ஒன்றில் பட்டம் இல்லை, ஒன்றில் பி.இ. என்று உள்ளது. ஏழு நாட்களுக்குள் தக்க ஆதாரத்துடன் தெளிவுபடுத்தவும். இதுதான் அந்த மெயிலின் சாரம். கீழே திட்டத்தின் விதி ஒன்றையும் ஒட்டியிருந்தார்கள்: தகுதியை மறைத்தவர்கள் நீக்கப்படுவார்கள்.

உச்சிமாகாளி அப்போதுதான் பத்திரிகையை எடுத்துத் தன் பெயரைப் பார்த்தான். பளபளவென்று தங்க எழுத்தில் பி.இ. மின்னியது.

படிக்காதவன் படித்ததாகச் சொல்லி மாட்டிக்கொள்வதைக் கேட்டிருக்கிறோம். படித்ததை மறைத்துவிட்டான் என்று குற்றம் சாட்டப்பட்ட பிளஸ் டூக்காரன், எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இவன் ஒருவன்தான். சீனிக்குப் போன் போட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டு, மாமா அச்சகத்தில் சாய்வை நிமிர்த்தினார் என்று எழுதி அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'விளக்கம் கிடைத்தது. ஆதாரம் தேவை.'

அவன் நேரே மாமாவிடம் போனான். தங்கச்சாமி கொஞ்சமும் அசரவில்லை.

"மருமவனே, இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பி.இ. இருக்குன்னு சொல்லிரு. யாரு வந்து பாக்கப் போறா?"

"இருக்குன்னு சொன்னா வேலய விட்டுத் தூக்கீருவாங்க மாமா."

தங்கச்சாமி இதை மனசுக்குள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "படிச்சிருந்தா வேலய விட்டுத் தூக்குவாவளா? என்ன கம்பெனிலே அது?" என்றவர், பிறகு நல்ல யோசனை ஒன்றும் சொன்னார். "முதல் பட்டதாரி சான்றிதழ்னு ஒண்ணு குடுக்காவள்ல. குடும்பத்துல ஒருத்தரும் பட்டம் வாங்கலன்னு அரசாங்கமே எழுதித் தரும். அத வாங்கிக் குடு."

உச்சிமாகாளிக்கு உயிர் வந்தது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவன் பள்ளிக்கூடக் கூட்டாளி ராஜபாண்டி சேவை மையம் வைத்திருக்கிறான். ஆதார் திருத்தம், பட்டா, சான்றிதழ் எல்லாம் அங்கே செய்து தரப்படும். பலகையில் 'ராஜபாண்டி பி.இ., கம்ப்யூட்டர்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே அலமாரியில் ஒரு கேடயம்: 'சிறந்த இறுதியாண்டு புராஜெக்ட், 2015'. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனம் குங்குமம் உண்டு. உச்சிமாகாளி அங்கே போனால் அந்த அலமாரிப் பக்கம் பார்க்க மாட்டான். அவன் இருக்கும்போது ராஜபாண்டியும் பார்ப்பதில்லை.

ராஜபாண்டி விண்ணப்பத்தைத் திறந்து மளமளவென்று நிரப்பினான். பாதியில் கை நின்றது.

"மாப்ள, நீ சேரப்போற பட்டப்படிப்பு என்னன்னு கேக்கு."

"சேரலயேலே."

"செவப்பு நட்சத்திரம் போட்ருக்கான். நெரப்பாம அடுத்த பக்கம் போகாது. இது காலேஜுல சேருதவனுக்கு மட்டுந்தான் மாப்ள. பட்டதாரி இல்லன்னு சர்டிபிகேட் வேணும்னா, பட்டப்படிப்புல சேரணும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சேந்துருதியா? தபால்ல இருக்கு" என்றான்.

அடுத்து ஊருக்கு வந்து வி.ஏ.ஓ. காளீஸ்வரியைப் பார்த்தான். நல்ல பெண்மணி. முகம் சுளிக்காமல் முழுக்கக் கேட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அவனுடைய பத்திரிகை இருந்தது. மாமா முதல் ஆளாக அங்கேதான் வைத்திருக்கிறார்.

"தம்பி, ஒருத்தர் படிச்சிருக்காருன்னா சர்டிபிகேட்டப் பாத்து எழுதிருவேன். படிக்கலன்னு எதப் பாத்து எழுத? நாளைக்கு நீங்க எங்கயோ படிச்சிருக்கீங்கன்னு வந்தா எனக்குல்லா பதில் சொல்லி மாளாது."

"நான் நெசமாவே படிக்கல மேடம்."

"நீங்க சொல்லுதீங்க. ஆனா அச்சுல வேற மாதிரி இருக்கே." கண்ணாடி மேல் விரலை வைத்தார். "கல்யாணத்தப் பதிவு பண்ணவே பத்திரிகையத்தான் ஆதாரமாக் கேக்காங்க. இதுல உள்ள பேரு நெசம், தேதி நெசம், மண்டபம் நெசம். பி.இ. மட்டும் பொய்யின்னு நான் எப்படித் தம்பி எழுத முடியும்?"

அதற்குள் மூன்று நாள் போய்விட்டது. பந்தக்கால் நட ஆள் வந்துவிட்டது. சுந்தரேஸ்வரி போனில், "வேல போனா போகட்டும், வேற வேல பாத்துக்கிடலாம்" என்றாள். அவளுக்கு வேலை மட்டும்தான் தெரியும். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பற்றி அவன் இன்னும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பொய்யன் என்று பெயர் வாங்கி வெளியே வருவதை நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது. முப்பத்தொரு வயதில், கல்யாணத்துக்கு முந்தின வாரம், படிக்கவில்லை என்பதற்காக அழ முடியுமா? அதெல்லாம் பதினேழு வயதிலேயே அழுது முடித்த சமாச்சாரம்.

கடைசியாகப் பூவனநாதன் அண்ணாச்சியிடம் போனான். தலைப்பு அச்சடித்த தாளில் ஒரு கடிதம் தரச் சொன்னான். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லெட்டரு நான் சொல்லுதது. அத அவன் நம்பணும்னு என்ன இருக்கு? நோட்டு இருந்தா அது தானாச் சொல்லும்."

"என்ன நோட்டு அண்ணாச்சி?"

"அட்டெண்டன்ஸ் நோட்டுலே. காலையில எட்டரை மணிக்கு இங்கன கையெழுத்துப் போட்டவன், அதே நேரம் அங்கன காலேஜுல எப்படி உக்காந்திருக்க முடியும்?"

எப்போதோ வந்த ஆய்வாளர் ஒருவர் பழைய பதிவேட்டைக் கேட்டு அண்ணாச்சியைப் படுத்தியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஆலையில் எந்த நோட்டையும் தூக்கிப் போட்டதில்லை. சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஓரத்திலிருந்து நாலு தடித்த நோட்டுகள் வந்தன. 2011 முதல் 2015 வரை. மற்றவர்கள் இன்ஜினியரிங் படித்த அதே நாலு வருஷம்.

உச்சிமாகாளி அங்கேயே தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்தான். முதல் மாதத்தில் 'தி. உச்சிமாகாளி' என்று முழுப் பெயரும் முத்து முத்தாக இருந்தது, பரீட்சைத் தாளில் எழுதுவது மாதிரி. ஆறாம் மாதம் இனிஷியல் போய்விட்டது. இரண்டாம் வருஷம் 'உச்சி'. நாலாம் வருஷம் ஒரு கோடும் ஒரு சுழியும். ஞாயிறும் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவும் தவிர விடுமுறை இல்லை. காய்ச்சல் அடித்த நாளிலும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மூலையில் படுத்துக் கிடந்திருக்கிறான். ஆயிரத்து இருநூறு கையெழுத்துக்கு மேல் வரும். துக்கமா பெருமையா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டுமே இருந்தன.

ஏழாம் நாள் மாலைக்குள் அனுப்பிவிட்டான். எச்.ஆர். மேடம் பொறுமைசாலி. எல்லாப் பக்கத்தையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: '2015 ஏப்ரல் 9 அன்று கையெழுத்து இல்லையே, ஏன்?' சொந்த வேலை என்று எழுதினான். ஒரு நாளில் பி.இ. முடிக்க முடியாது என்று யாரோ அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பதில் வந்தது. நீங்கள் பட்டதாரி அல்ல என்பது ஐயமற உறுதியாகிவிட்டது, வாழ்த்துகள்.

வீட்டில் கேசரி கிண்டினார்கள். படிக்காததற்காகக் கேசரி கிண்டிய முதல் வீடு அதுவாகத்தான் இருக்கும். தங்கச்சாமி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மேனேஜர் முத்துகிருஷ்ணனிடமிருந்து போன் வந்தது. சாவு வீட்டில் துஷ்டி கேட்கிற குரலாக இருந்தது.

"உச்சி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? எதுக்கு ப்ரூவ் பண்ணீங்க?"

"கேட்டாங்களே சார்."

"முரண்பாடு இருக்கு, தெளிவுபடுத்துங்கன்னுதானே கேட்டாங்க. ஆமா, பி.இ.தான்னு ஒரு வரி போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. நீக்குறதுன்னா திட்டத்துலேருந்துதான், வேலையிலேருந்து இல்ல. லீட் போஸ்டுக்கு டிகிரி இருக்கணும்னு கிளையண்ட் காண்ட்ராக்ட்ல இருக்கு. உங்க பேர் அதனாலதான் ரெண்டு மாசமா நிக்குது. ஃபார்ம்ல டிகிரிக் கட்டம் காலியா இருந்துச்சு. உங்க பத்திரிகையப் பாத்ததும், அப்பாடா, தீந்துச்சுன்னு நான்தான் எச்.ஆருக்கு ஃபார்வர்ட் பண்ணேன்."

"சார், டிகிரி இல்லன்னுதான் என்னைய மேடையில ஏத்துதீங்க."

"அது ஆன்யுவல் டே, உச்சி. இது காண்ட்ராக்ட். ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்ட்."

"என்கிட்ட சர்டிபிகேட் கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. அவங்களுக்குக் கட்டம் ஃபில் ஆகணும், அவ்வளவுதான். நீங்க என்னடான்னா நாலு வருஷ ரெஜிஸ்டரை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கீங்க. இனி நான் எப்படி ஃபில் பண்ணுவேன்?"

வாசலில் தங்கச்சாமி யாரிடமோ பந்தி விஷயம் பேசிக்கொண்டிருந்தார். சீனி அச்சகத்தில் மாமா என்ன கேட்டாரோ அதையேதான் இந்த மனிதரும் கேட்கிறார். பெயருக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிறது, பார்ப்பதற்குச் சாய்ந்து இருக்கிறது, எதையாவது போடு. ஒரு வித்தியாசம் உண்டு. மாமா எழுத்தைப் போட்ட பிறகும் அவனை மருமவனே என்றுதான் கூப்பிட்டார், போடுவதற்கு முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"சார், உங்களுக்கும் எங்க மாமாவுக்கும் ரொம்ப ஒத்துப்போகும். கல்யாணத்துக்குக் கட்டாயம் வாங்க" என்றான் உச்சிமாகாளி. "அப்புறம், ஆண்டு விழா மேடைக்கு இந்த வருஷம் வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லிருங்க. நான் வேலைய மட்டும் பாக்கேன். அந்தப் போட்டோவையும் எறக்கச் சொல்லுங்க. அம்மைக்குப் பயிர மிதிச்சது இன்னும் ஆறல."

போனை வைத்தான். எத்தனையோ நாள் ஆசைப்பட்ட பதவியைத் தானே ஸ்கேன் பண்ணி அனுப்பித் தொலைத்துவிட்டான். கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மைக்செட்டுக்காரர், "மணமகன் உச்சிமாகாளி பி.இ. அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்று மூன்று தடவை அழைத்தார். முத்துகிருஷ்ணன் வரவில்லை. மொய் மட்டும் போனில் அனுப்பியிருந்தார்.

மறுவீடு முடிந்து வந்த மறுநாள் காலை. உச்சிமாகாளி வேலைக்கு உட்காருகிற அறையைச் சுந்தரேஸ்வரி ஒதுங்கவைத்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கம்பெனி அசலைக் கேட்டால் காட்டலாம் என்று அண்ணாச்சியிடம் வாங்கி வந்து, இன்னும் திருப்பிக் கொடுக்காத நாலு நோட்டும் பையோடு மூலையில் கிடந்தன. டீச்சர் ஆயிற்றே, அட்டெண்டன்ஸ் நோட்டைக் கண்டால் கை சும்மா இருக்குமா? தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனாள். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள்.

"நாலு வருசத்துல ஒரே ஒரு நாள்தான் வரல. ஏப்ரல் ஒம்பது. அன்னைக்கு என்ன?"

எச்.ஆருக்கு எழுதிய பதில் வாய் வரைக்கும் வந்தது. அவளிடம் அதைச் சொல்ல மனசு வரவில்லை.

"அன்னைக்கு ராஜபாண்டிக்குக் காலேஜுல புராஜெக்ட் பரீட்ச. வெளியூருலேருந்து வாத்தியார் வந்து கேள்வி கேப்பாரு. அவன் புராஜெக்ட் நான் எழுதுனது. தீப்பெட்டி ஆலைக்கு ஸ்டாக் பாக்க புரோகிராம். நடுவுல நின்னு போச்சுன்னா அவனுக்குச் சரி பண்ணத் தெரியாது. அதான் கூட வரச் சொன்னான். ஹாலுக்கு வெளியில ஜன்னல் ஓரமா நின்னேன்."

"நின்னு போச்சா?"

"இல்ல. நல்லா ஓடுச்சு. வாத்தியார் எந்திரிச்சு கை குடுத்தாரு." கொஞ்சம் நிறுத்தி, "அவனுக்கு" என்றான்.

சுந்தரேஸ்வரி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பரிதாபப்பட்டு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது. மேடையில் நின்று பரிதாபம் வாங்கி வாங்கி அவனுக்கு அது திகட்டிப்போயிருந்தது. அவள் நோட்டை மூடினாள். நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பையில் வைத்தாள்.

"அப்ப ஒரு நாள் காலேஜுக்குப் போயிருக்கீங்க. அந்த எச்.ஆர். மேடத்துகிட்ட வாய் தவறிக்கூடச் சொல்லிராதீங்க."

உச்சிமாகாளி சிரித்தான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னலே அங்கன?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, இருவரும் பார்க்காத பக்கமாகத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறந்தான். பட்டதாரியான புது டீம் லீட் ஒன்பது மணியிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருந்தார். ஏதோ ஓடவில்லையாம்.